ஃபிளாஷ் எரியாத முகூர்த்தம்

ஆகஸ்ட் 21, திங்கள்

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்னாடியே சொன்னேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. "ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம் ஒத்துக்காத அம்மிணி, ஓடைக்கரைக் கோயில் இருட்டுக் கோயில், நம்ம கேமரா தாங்காது" என்று பத்து நாளைக்கு முன்பே வாணியிடம் சொன்னேன். பத்து நாள் என்ன, ஒரு மாதமே இருக்கும்.

வாணி என் அக்கா மகள். முழுப்பெயர் கோகிலவாணி. கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்து ஆறு வருஷமாக என்னோடு ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்கிறாள். பெயர்ப்பலகையில் இன்றைக்கும் 'சென்னியப்பன் ஸ்டுடியோ' என்றுதான் இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவன். அதற்குமேல் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் சரக்கு இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் மூவாயிரம் தாலிகட்டை எடுத்தவன், ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

நேற்று அவள் பெருந்துறை மண்டபத்துக்குப் போய்விட்டாள். ஓடைக்கரை ஈசுவரன் கோயில் கல்யாணம் என் தலையில் விழுந்தது. முகூர்த்தம் காலை ஐந்தே கால். இந்த ஆவணியில் நான்கு நாளுக்குள் இது மூன்றாவது. கால் இரண்டும் ஆட்டுக்கல் மாதிரி கனக்கின்றன.

இன்று படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். தாலி கட்டும் இடம் வந்ததும் திரை முழுக்கக் கறுப்பு. கறுப்புக்குள் கொஞ்சம் மஞ்சள், அதுவும் கலங்கல். பதினோரு படம். பதினொன்றும் அப்படியே.

"மாமா, என்னங்க இது?"

"குருக்கள் ஃபிளாஷ் அடிக்கக் கூடாதுன்னுட்டார் அம்மிணி."

"எப்பங்க?"

"தாலியக் கையில எடுக்கறப்ப. காதோரமா வந்து சொன்னாரு. சன்னதியில மின்னல் வெட்டற மாதிரி அடிக்காதே, ஆகமத்துல இடமில்லைன்னாரு."

வாணி பதினொன்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அடுத்த முகூர்த்தங்கள்ல கோயில் கல்யாணம் மட்டும் நாலு இருக்குதுங்க. ஃபிளாஷ் இல்லாம எடுக்கோணும்னா இந்த ரெண்டு பாடியும் ஆகாது. மாத்தித்தான் ஆகோணும்."

பாடி என்பது லென்ஸைக் கழற்றினால் மிஞ்சுகிற பெட்டி. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குவது அதுதான். எங்களுடையவை இரண்டும் ஒன்பது வருஷம் பழசு. மாற்ற வேண்டும் என்று நான் எப்போதோ சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கல்யாணப் பெண்ணின் அண்ணன் பூபதி வந்தார். அரிசி ஆலைக்காரர். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"என்ற தங்கச்சி கழுத்துல தாலி ஏறுனதுக்குச் சாட்சி இந்தக் கரிக்காயிதம்தானுங்களா?"

நான் கலங்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாத வழி கிடையாது. "ஒரு நல்ல நாளாப் பாத்துப் பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. அதே சேலை, அதே மாலை. தாலியச் சும்மா கழுத்துகிட்டப் புடிச்ச மாதிரி ரெண்டு ஸ்டில் எடுத்துப் போடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் முகம் எப்படிப் போனது என்று நான் கவனிக்கவில்லை. குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஒருக்காக் கட்டுன தாலிய இன்னொருக்காக் கட்டச் சொல்றீங்களா? எங்கம்மா காதுல இது விழுந்தா இந்தக் கடையில கல்லு விழும், ஆமா."

வாணி நடுவில் வந்து மன்னிப்புக் கேட்டாள். குருக்கள் ஆகமத்தைச் சொல்லி ஃபிளாஷ் வேண்டாம் என்று தடுத்ததை அவளே எடுத்துச் சொன்னாள். பூபதி கொஞ்சம் அடங்கினார்.

"அப்படியா சேதி? கமிட்டி கட்டணம் வாங்கறப்ப ஃபோட்டோ எடுக்கலாம்னுதானுங்களே சொன்னாங்க? அப்ப அந்த ஐயர நான் பாத்துக்கறேன்."

அவர் போனபிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வெயில் குறைந்ததால் இருக்கும்.

ஆகஸ்ட் 24, வியாழன்

வாணி ஈரோட்டிலிருந்து புதுப் பாடி ஒன்றை ஒருநாள் வாடகைக்குக் கொண்டுவந்தாள். பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றாள். நான் தொட்டவுடனேயே முடிவெடுத்துவிட்டேன்.

என்ன ஒரு சாமான்! எதிரே நிற்கிறவருடைய கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. கண்மேல் சின்னக் கட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆள் நகர்ந்தால் கட்டமும் கூடவே நகர்கிறது. நாம் ஒன்றும் சரிபார்க்க வேண்டாம். பொத்தானை அமுக்கினால் போதும். இப்படி ஒன்று வரும் என்று நான் தொண்ணூற்றி எட்டிலேயே என் சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறேன்.

சம்சாரம் துளசிமணியைச் சாமான் அறைக்குள் உட்காரவைத்து, ஒரே ஒரு அகல் விளக்கை ஏற்றிவைத்தோம்.

"ஏனுங்க, அடுப்புல கொழம்பு கெடக்குது."

"கொழம்பு எங்கயும் ஓடாது. மேல பாரு."

"கல்யாணத்தன்னிக்கு எடுத்ததே கோணல். இனி என்னத்தைப் பாக்கறது?"

புதுசில் நான் எடுத்த ஆறும் கல்வெட்டு மாதிரி விழுந்தன. அவள் மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. பழசில் நான் எடுத்த ஆறும் கலங்கல். பார்த்தாயா, எல்லாம் பாடி பண்ணுகிற வேலை என்றேன்.

வாணி பழசை வாங்கி, ஏதோ ஒரு நம்பரை ஏற்றி, தானும் ஆறு எடுத்தாள். கொஞ்சம் மணல் தூவிய மாதிரி இருந்தாலும் ஆறும் தெளிவாகவே வந்தன. பெண்பிள்ளைகள் கைக்குச் சில கேமராக்கள் அடங்கும். அவ்வளவுதான்.

"பழசுலயும் வருதுங்களே மாமா."

நான் அகல் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டேன்.

"இன்னொண்ணு கேக்கோணும்னு இருந்தேன். ஓடைக்கரையில ஐஎஸ்ஓ நானூறுலயே வச்சிருக்கறீங்க. வெளிச்சம் கொறைஞ்சா ஏத்தற நம்பர் அது, நானூறு ஃபிளாஷ் அடிக்கறப்ப வைக்கற அளவு. ஃபிளாஷ் வேண்டாம்னு சொன்ன நிமிசமே அதைத்தானுங்க ஏத்துவீங்க? எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"அதுக்கு எங்க நேரம் குடுத்தாரு? லென்ஸ் மேலயே கைய வச்சுட்டாரு."

"காதோரமாச் சொன்னாருன்னீங்க."

"காதோரமாச் சொல்லிட்டுத்தான் கைய வச்சாரு."

துளசிமணி கரண்டியோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காலையில் ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு வரவேற்பு. வாணி மேடை முன்னால் நின்றுகொண்டு என்னைக் குடும்ப குரூப் எடுக்க விட்டாள். குரூப் என்பது பார்க்கிறவர்களுக்குச் சுலபம். நாற்பது ஒறம்பரைச் சொந்தங்களை இரண்டு வரிசையில் நிறுத்தி, ஒருத்தரும் கண் மூடாமல் எடுக்க என்னைவிட்டால் மாவட்டத்தில் ஆள் இல்லை. எத்தனை பேர் மூடினார்கள் என்று வாணி நாளைக்குப் பார்த்துச் சொல்வாள்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் டம்ளரில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். இப்போதெல்லாம் டம்ளரையும் இலையையும் நெருக்கி நெருக்கி வைக்கிறார்கள். பத்திரிகைகளையும் ஈர்க்குச்சி எழுத்தில் அடிக்கிறார்கள். இந்த டைரியிலும் கோடுகளை மை இல்லாமல் போட்டிருக்கிறான். என் எழுத்து மேலும் கீழும் போவதற்கு நான் பொறுப்பில்லை.

துளசிமணி மறுபடியும் கண் முகாம் நோட்டீஸை என் சட்டைப்பையில் வைத்திருக்கிறாள். அந்தச் சட்டையை அவளே துவைத்தும் விட்டாள். நல்லது.

ஆகஸ்ட் 28, திங்கள்

பிரதோஷம். ஓடைக்கரைக்குப் போகவில்லை. கால் வலி.

செப்டம்பர் 2, சனி

வாணி டீ வாங்கப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். பூபதி கோயில் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கமிட்டி சபேச குருக்களைக் கூப்பிட்டு, விசாரித்து முடிக்கிறவரை கல்யாணம் எதுவும் செய்துவைக்க வேண்டாம், நித்திய பூஜை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டதாம். ஆவணி மிச்ச முகூர்த்தங்களுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறாராம்.

"குருக்களுக்கு வருசத்துல இந்த ஒரு மாசந்தானுங்க நாலு கல்யாணம்" என்றாள் வாணி. "பூஜைக்குக் குடுக்கறது எண்ணெய்க்கே பத்தாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

துளசிமணி தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்: "நம்ம பெரியவ கல்யாணத்துல, ஃபோட்டோ நல்லா வரலைன்னு இவரு மூணு தடவை மாலை மாத்தச் சொன்னாரு. முகூர்த்தமே தாண்டிடுமாட்ட இருந்துச்சு. அந்த மனுசன் சிரிச்சிட்டுத்தானே நின்னாரு? அவரா ஃபிளாஷ் வேண்டாம்னாரு?"

மனுஷர்கள் மாறுவார்கள் என்றேன். குருக்கள் அன்றைக்குக் கையை வைத்த வேகத்தில் கேமரா பட்டை என் கழுத்தையே அறுத்துவிட்டது என்றும் சொன்னேன். கழுத்தைக் காட்டச் சொன்னாள். இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது என்றேன்.

இரண்டாவது தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பூக்கடைப் பக்கம் போனபோது எதிரே வெள்ளையாக யாரோ வந்தார்கள். நான் பாட்டுக்கு நடந்தேன்.

"சென்னியப்பா! நான்தான்ப்பா, சபேசன். ரெண்டடியில நிக்கறேன், பாக்காமப் போறே?"

குரல்தான் அடையாளம் சொன்னது. வெயில் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது என்று சொன்னேன். மேகமாக இருந்த நாள்தான். ஆனாலும் மேகத்துக்குள்ளிருந்து அடிக்கிற வெயில் ஒன்று உண்டு.

அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன், ஒன்றுக்கு நான்காக.

"பிரதோஷத்துக்குக் காணோமே. கால் வலியா?"

"ஆமாங்க சாமி."

"உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன். விபூதி எடுத்து வச்சிருக்கேன், வர்றப்ப வாங்கிக்கோ."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கையில் பூக்கூடையோடு போய்விட்டார். நான் எதற்காகப் பூக்கடைக்கு வந்தேன் என்பது வீட்டுக்கு வரும்வரை நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

ஈரோட்டுக் கடைக்காரர் போன் செய்தார். இரண்டு பாடி வந்திருக்கிறது, திங்கட்கிழமை வந்தால் பழசு இரண்டையும் எடுத்துக்கொண்டு புதுசைக் கொடுக்கிறேன் என்றார். மேலே கட்ட வேண்டியதற்கு வாணி தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போகிறாள். அது என் அக்கா அவளுக்குப் போட்டது.

"ரெண்டு எதுக்கு அம்மிணி? ஒண்ணு போதாதா?"

அந்த ஒன்று யார் கையில் இருக்கும் என்று நான் நினைத்தேனோ, அதையேதான் அவளும் நினைத்திருக்க வேண்டும்.

"கோயில்ல ஃபிளாஷ் கூடாதுன்னா ரெண்டு பேருக்குமே வேணுமுங்க. உங்களப் பழசோட நிறுத்திட்டு நான் புதுச வச்சுட்டு நிக்க மாட்டேன். குருக்கள் சொன்னது நெசந்தானுங்களே?"

"மூவாயிரம் தாலிகட்டு எடுத்தவன் பொய் சொல்லுவனா?"

"போன வாரம் நாலாயிரம்னீங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சங்கிலியைக் கழற்றிப் பர்ஸில் வைத்தாள்.

புதுப் பாடி வந்துவிட்டால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அது கண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும். இன்னும் பத்து வருஷம் தாலி கட்டுகிற இடத்தில் நான்தான் நிற்பேன். இதைக் கோட்டின் மேலேயே எழுத முயன்றேன். முடியவில்லை.

செப்டம்பர் 9, சனி

நாளைக் காலை கமிட்டி விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓடைக்கரைக் கோயிலில் என்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது.

என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றும் மூன்று விதமாக வந்தன.

செப்டம்பர் 10, ஞாயிறு

கோயில் அலுவலகத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். இல்லை, ஏழு பேர். தலைவர் நாச்சிமுத்து, கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், பூபதி, குருக்கள், நான், வாணி. பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறி சத்தம் போட்டதே தவிரக் காற்று வரவில்லை. மூன்று வாரமாக ஒரு நாளும் நன்றாகத் தூங்கவில்லை. இன்றைக்கு எதையும் பெரிதாக்கி எழுத உடம்பில் தெம்பு இல்லை.

பூபதி முதலில் பேசினார். தன் அம்மா தினமும் ஆல்பத்தைக் கேட்டு அழுகிறார் என்றார். பிறகு நாச்சிமுத்து என் பக்கம் திரும்பினார்.

"சென்னியப்பா, நீ சொல்றதைத்தான் எழுதப் போறோம். குருக்கள் உன்கிட்ட என்ன சொன்னாரு? எச்சும் வேண்டாம், கொறையும் வேண்டாம். சொன்ன வார்த்தை மட்டும் சொல்லு."

நான் தொண்டையைச் செருமினேன். ஆகமம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த குருக்கள் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "சொல்லுப்பா. நான் என்ன சொன்னேன்னு கேட்டுக்கத்தான் நானும் வந்திருக்கேன்."

அதில் கோபம் இல்லை. கிண்டல்கூட இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தான் எதையோ சொல்லிவிட்டு மறந்துவிட்டோமோ என்று இந்த மூன்று வாரமும் அந்த மனுஷர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒண்ணுமே சொல்லலைங்க" என்றேன்.

வாணி எனக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"என்னது?" என்றார் நாச்சிமுத்து.

"குருக்கள் என் பக்கமே வரலைங்க. ஃபிளாஷ் எரியலை. என்ற தப்புத்தான். அவரு பேரைச் சொல்லிட்டேன்."

பூபதி எழுந்து என்னென்னவோ பேசினார். எல்லாம் எனக்குத் தகுந்தவைதான், எழுதவில்லை. நாச்சிமுத்து இனி அடுத்த முகூர்த்தம் முதல் குருக்களே செய்துவைக்கட்டும் என்று எழுதச் சொன்னார். நான் ஒரு வருஷத்துக்குக் கேமராவோடு கோயிலுக்குள் வரக்கூடாது என்றார்கள். வாணி வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றார்கள்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது குருக்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எட்டாங்கிளாஸோட நின்னவன், எனக்கே தெரியாத ஆகமத்தையெல்லாம் என் வாயில வச்சு சொல்லியிருக்கே. இனிமே சொல்றதா இருந்தா ஒரு சுலோகமாவது சேர்த்துச் சொல்லு, கேக்க நன்னாயிருக்கும்." விபூதிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். கோபமாக இருந்தாரா என்று கேட்டால், ஆமாம், நெற்றியில் அவரே பூசிவிடவில்லை.

வண்டியில் பாதி வழி வந்தோம். வாணி ஓரமாக நிறுத்தினாள்.

"ஏனுங்க மாமா? ஃபிளாஷ் ஏன் எரியலை?"

சொன்னேன். ஃபிளாஷில் நான்கு பென்சில் செல். மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் புதுசு மாற்றினேன். ஒன்றை மேல்பக்கமாகவும் அடுத்ததைக் கீழ்ப்பக்கமாகவும் போட வேண்டும். இரண்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மேளச் சத்தத்திலும் அட்சதை மழையிலும் பதினோரு தடவை அமுக்கினேன். ஒரு தடவைகூட எரியவில்லை. வீட்டுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று அங்கே இருட்டில் தெரியவில்லை என்றேன்.

வாணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

"நாளைக்கு ஈரோட்டுக்குப் போன் பண்ணி ரெண்டும் இப்ப வேண்டாம்னு சொல்லிடறேன். பழசுலயே ஐஎஸ்ஓ ஏத்தி நான் எடுத்துக்கறேன். புதன்கிழமை உங்களை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"நீங்களே சொல்லுங்க, எதுக்குன்னு."

அவள் பர்ஸிலிருந்து சங்கிலியை எடுத்து, வண்டியில் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டாள். கொக்கி சிக்கவில்லை. போட்டுவிடட்டுமா என்றேன். "வேண்டாமுங்க, நானே பாத்துக்கறேன்" என்றாள்.

கமிட்டியில் உண்மையைச் சொன்னேன். வாணியிடமும் சொன்னேன், ஒன்றைத் தவிர. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அன்றைக்கு ஓடைக்கரை மண்டபத்தில் இருட்டே இல்லை. நான்கு ட்யூப் லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன.